சாம்பல் நிற நாட்டிலே ஒரு யாத்திரை

கொழும்பு மாநகரின் தென்பால் அமைந்த வெள்ளவத்தையிலிருந்து வடபால் உள்ள கொட்டாஞ்சேனைக்கு ஆறேழு மைல் தூரமே உண்டு. 155 ஆம் இலக்க பஸ்ஸிலே ஏறி அமர்ந்தால், வீதி நெரிசலைப் பொறுத்து ஒரு மணி நேரத்திலோ ஒன்றரை மணி நேரத்திலோ போய்ச் சேரலாம். தலைநகரத் தமிழர் வாழ்வின் இரு முனைகள் என்று இவ்விரு பகுதிகளையும் சொல்லுதல் பொருந்தும். இந்தச் சிறு தூரத்துக்குள்ளே 2022 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே நாம் வேறொரு நாட்டுக்கும் போய் வந்தோம். அந்நாட்டுக்குக் கடவுச்சீட்டு வேண்டியதில்லை. தேசப்படத்திலே தேடினாலும் அது அகப்படாது. அதன் பெயர் கிரிஸ். ஸ்பானிய மொழியிலே சாம்பல் நிறம் என்பது அச்சொல்லின் பொருளாகும்.

கிரிஸ் என்பது ஒரு கணினி விளையாட்டு. குடும்பத்தார் கூடியிருந்து வாசிக்கும் ஞாயிறு மலரிலே விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்தால் பெற்றோர் சிலர் புருவம் நெரிப்பர் என்பதை அறிவோம். பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளை கைத்தொலைபேசியும் கையுமாக இருப்பதைக் கண்டு மனம் வெதும்பாத தாய்மார் இக்காலத்தில் எவருளர்? அவர்கள் வெதுப்பம் நியாயமானதே. எனினும் ஊர் பார்க்கப் போகிறவன் நல்ல ஊரைக் கண்டால் நாலு பேருக்குச் சொல்லத்தானே வேண்டும்!

இவ்வகை ஆட்டத்தைப் பிளாட்போர்ம் ஆட்டம் என்பார்கள். புகையிரத நிலையத்து மேடைக்கு வழங்கும் அதே ஆங்கிலச் சொல்தான். திரையிலே உயரமும் பள்ளமுமாகப் பல மேடைகள் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவிப் போகவேண்டும். 1981 இல் யப்பானிய நிறுவனமான நின்ரென்டோ வெளியிட்ட டொங்கி கொங், அதன்பின் 1985 இல் வந்த சுப்பர் மாரியோ ஆகியவை இக்குலத்தின் முன்னோர். அவற்றிலே ஆடுபவனுக்கு மூன்று உயிர் கொடுக்கப்படும். தவறி விழுந்தால் ஓர் உயிர் போய்விடும். மூன்றும் போனால் ஆட்டம் முடிந்தது. நமக்கு இது புதியதன்று. வைகுண்ட ஏகாதசி இரவிலே கண்விழித்திருந்து ஆடிய பரமபதத்திலும் ஏணியால் ஏறியவன் பாம்பின் வாயிலே விழுந்து அடிமட்டத்துக்கு வருவான். விழுவதற்குத் தண்டனை உண்டு என்பதே இந்த ஆட்டங்களின் சட்டம். கிரிஸ் ஆட்டத்திலே அந்தச் சட்டம் செல்லாது. எதனால் என்பதைப் பின்னர் காண்போம்.

இனி வெள்ளவத்தை. காலி வீதியின் ஒருபுறத்திலே ஒழுங்கைகள் கடலை நோக்கி இறங்கும்; மறுபுறத்து ஒழுங்கைகள் ஹவ்லொக் வீதியை நோக்கிப் போகும். ஒரு காலத்திலே சங்கு ஊதி ஊரை எழுப்பிய பெரிய நெசவாலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி என்னும் தொடர்மாடிகள் வானை மறைத்து நிற்கின்றன. 57 ஆம் ஒழுங்கையிலே 1942 இல் தோன்றிய கொழும்புத் தமிழ்ச் சங்கம். ராமகிருஷ்ண வீதியிலே மிஷன் மண்டபம். ருத்ரா மாவத்தையிலே சைவ மங்கையர் வித்தியாலயம். மாலை வேளையில் எந்த ஒழுங்கைக்குள் நுழைந்தாலும் எங்கோ ஒரு மாடியிலிருந்து சுருதிப் பெட்டியின் ஒலியும், எங்கோ ஓர் அடுக்களையிலிருந்து கருவாட்டுக் குழம்பின் மணமும் சேர்ந்தே வரும். 1983 ஆம் ஆண்டு ஜூலையிலே இவ்வொழுங்கைகளில் வீடுகள் எரிந்தன. உயிர் தப்பியோர் அகதி முகாம்களாகிய பாடசாலைகளிலே தங்கிக் கப்பலேறிக் காங்கேசன்துறை சென்றனர். பலர் அங்கிருந்தும் புறப்பட்டுக் கடல் கடந்தனர். திரும்பி வந்தோரும் புதிதாய் வந்தோரும் மறுபடியும் கட்டியதே இன்று நாம் காணும் வெள்ளவத்தை. இங்கே பிள்ளைகளில் ஒருவரேனும் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இல்லாத வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது.

நாம் தங்கியிருந்த தொடர்மாடியின் மூன்றாம் மாடியிலே அத்தகைய வீடு ஒன்று இருந்தது. பாட்டி, தாய், உயர்தர வகுப்பிலே படிக்கும் மகள் ஆகிய மூவர் வசித்தனர். மகன் ரொறன்ரோவில். குடும்பத் தலைவர் 2021 ஆகஸ்ட்டிலே கொரோனா நோயினால் காலமாகிவிட்டார். அந்நாளில் விதிகள் எவ்வாறிருந்தன என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள். பிரேதம் வீட்டுக்கு வரவில்லை. வாய்க்கரிசி இல்லை, பறை இல்லை, வாசலிலே வெள்ளைக் கொடி கட்டவும் ஆளில்லை. ஓரிருவர் மட்டும் தூரத்திலே நின்று பார்க்க, எல்லாம் அரைமணி நேரத்துக்குள் நடந்து முடிந்தது. எட்டும் அந்தியேட்டியும் கைத்தொலைபேசித் திரையிலே நடைபெற்றன. பாட்டி ஒப்பாரி சொல்ல வல்லவராம். தம் மருமகனுக்கு ஒரு வரி சொல்ல முடியவில்லை என்று நம்மிடமே பலமுறை கூறினார். மகளோ வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குத் தோற்றி வந்தவர். தகப்பனார் போனபின் பாடுவதை நிறுத்திவிட்டார். எவரும் வற்புறுத்தவில்லை. தம்பூரா உறையோடு சுவரிலே சாய்ந்து நின்றது.

தமையன் பணம் செலுத்தித் தங்கையின் கைத்தொலைபேசிக்கு அனுப்பி வைத்ததே இந்த ஆட்டம். ஐந்து டொலருக்குச் சற்றுக் குறைந்த விலை. இதனை அற்பத் தொகை என்று வெளிநாட்டார் சொல்லலாம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவிலே இருந்த டொலர் அவ்வாண்டு மே மாதத்திலே 360 ரூபாவை எட்டியது என்பதை நினைத்தால், இங்குள்ள மாணவர் ஒருவர் தம் கைக்காசிலே வாங்கும் பொருளாக அது இருக்கவில்லை. அம்மாதத்திலே மின்வெட்டும் நாளுக்கு நாள் நீண்டு, மாத இறுதியில் 13 மணி நேரத்தைத் தொட்டது. மின்சாரம் இருந்தபோது தொலைபேசியை நிரப்பிக்கொண்டு, இருட்டிலே ஆடுவது வழக்கமாயிற்று. மெழுகுவர்த்தி ஒன்று, அதனருகே பாட்டி, பாட்டியின் தோளுக்கு மேலாக நாம். யாத்திரை இவ்வாறு தொடங்கியது.

முதலில் வெண்மையும் சாம்பலுமான வெளி. இடிந்த கற்சிலை ஒன்று, பெண்ணின் வடிவம். அதன் உள்ளங்கையிலே கரிய உடையணிந்த ஒரு சிறு பெண் பாடிக்கொண்டிருக்கிறாள். திடீரென்று குரல் அடைத்துப் போகிறது. சிலை பிளக்கிறது, பெண் கீழே விழுகிறாள். விழுந்த இடத்திலே நிறமே இல்லை. திரையைத் தொட்டால் அவள் தாவவேண்டுமல்லவா? இவளோ முழங்காலிலே சரிந்துவிடுகிறாள். மறுபடி தொட்டாலும் அப்படியே. அவளை நடக்கச் செய்வதொன்றே நாம் செய்யக்கூடியது. சிறிது தூரம் நடந்தபின், எவ்வித அறிவிப்புமின்றி, அவளுக்குத் தாவ வருகிறது. வேறு எந்த ஆட்டத்திலும் தொடக்கத்திலேயே கிடைக்கும் ஆற்றல் இங்கே உழைத்துப் பெறவேண்டியதாகிறது. துயரம் உண்டவர் படுக்கையிலிருந்து எழுந்து முகங்கழுவுவதற்கு எவ்வளவு பாடுபடுகிறார் என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிய எழுத்தை நாம் வாசித்ததில்லை.

ஆட்டம் முழுவதிலும் வசனம் கிடையாது. ஆகையால் மொழிபெயர்ப்பும் வேண்டியதில்லை. ஸ்பானியாவின் பார்சிலோனா நகரத்தவர் செய்ததை வெள்ளவத்தைப் பாட்டி அப்படியே விளங்கிக்கொண்டார். அவர் கேட்ட கேள்விகளே நமக்கு வழிகாட்டியாய் இருந்தன.

"ஐயோ, விழுந்திட்டாளே பிள்ளை! செத்துப் போனாளோ?"

"இல்லை அம்மம்மா. இதிலை சாவில்லை. விழுந்தால் எழும்பி நடக்கிறதுதான்."

"அப்ப தோல்வியும் இல்லையோ?"

"இல்லை."

"பிறகென்னத்துக்கு விளையாடுறாய்?"

பேத்தி விடை சொல்லவில்லை. ஆட்டத்தை விமரிசித்த அறிஞர்களும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். சாவில்லாத ஆட்டத்திலே அச்சமில்லை, அச்சமில்லாத இடத்திலே வெற்றியின் சுவையில்லை என்பது அவர்கள் வாதம். அதிலே உண்மையுண்டு; இந்த ஆட்டத்தின் புதிர்களும் பெரும்பாலும் எளியவையே. மாரியோவிலே பழகிய கைகளுக்கு மூன்று நான்கு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் சாவு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட ஒரு வீட்டிலே, மறுபடியும் மறுபடியும் சாகச் சொல்லும் ஆட்டத்தை யார் விரும்புவர்? தண்டனையை நீக்கியவர்கள் இதனை எண்ணியே நீக்கினர் என்று நாம் கருதுகிறோம்.

சாம்பல் வெளி கடந்தால் முதல் நிறம் வருகிறது: சிவப்பு. தண்ணீரிலே குங்குமம் கரைந்து பரவுவதுபோல அது திரையெங்கும் பரவும். செம்மணல் வெளி, காற்றாலைகள், பாதி வளைவுகள், தலையில்லாத தூண்கள். அங்கே பெருங்காற்று வீசும். பெண் பின்னோக்கித் தள்ளப்படுவாள். எதிர்த்து ஓடினால் பயனில்லை. அவளுடைய உடை ஒரு கற்பாளமாக மாறும் ஆற்றலை அங்கேதான் பெறுகிறாள். கல்லாகி நின்றால் காற்று அவளை அசைக்காது. காற்று ஓய்ந்ததும் துணியாகி நடக்கலாம். அந்தப் பாரத்தாலேயே பலவீனமான தளங்களை உடைத்துக் கீழிறங்கவும் முடியும். பாரம் இங்கே சுமையாகவும் இருக்கிறது, கருவியாகவும் இருக்கிறது. பின்னொரு கட்டத்தில் பெரிய கரும்பறவை ஒன்று எதிரே வந்து அலறும். அந்த அலறலே காற்றாக அடிக்கும். அப்போதும் கல்லாகி நிற்பதே வழி. பறவை அலறியபோது பாட்டி ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு மறு கையால் பேத்தியின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்து பச்சை. வட்டமும் சதுரமுமாய்த் தழை வெட்டிய மரங்கள் உள்ள காடு. அங்கே சதுர உடம்புடைய ஒரு சிறு பிராணி இருக்கிறது. பெண்ணைக் கண்டதும் கல்போல ஒடுங்கி ஒளிந்துகொள்ளும். மரத்துப் பழங்களைக் கீழே வீழ்த்திக் கொடுத்தால் மெல்ல மெல்ல நட்பாகிப் பின்னாலேயே வரும். கதைக்கு அது எவ்வகையிலும் இன்றியமையாததன்று. எனினும் மூன்றாம் மாடி வீட்டிலே பல மாதங்களுக்குப் பின் சிரிப்பொலி கேட்டது அந்தப் பிராணியாலேதான் என்று தாயார் நம்மிடம் கூறினார். காடு கழிந்து நீலம்: முதலில் மழை, பிறகு குகை, பிறகு ஆழ்கடல். அங்கே அவள் நீந்தக் கற்கிறாள். இருளிலே கரிய விலாங்கு போன்ற ஒன்று வாய் பிளந்து துரத்தும்.

தமிழ் படித்த வாசகர் இதற்குள்ளே ஒன்றைக் கவனித்திருப்பர். மணல்வெளி, காடு, கடல். நிலத்தைச் சொன்னால் உணர்ச்சியும் கூடவே வரும் என்பது தொல்காப்பியம் கற்ற நமக்குப் பாலபாடமன்றோ? பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று உரிப்பொருள் வகுத்தவர் நம் முன்னோர். பார்சிலோனா ஓவியர் தொல்காப்பியத்தைக் கேள்விப்பட்டிருக்க நியாயமில்லை. ஆயினும் மனத்தின் நிலையை நிலமாக எழுதிக் காட்டவேண்டும் என்று எண்ணியதால் அவரும் ஏறக்குறைய அதே பாதையிலே நடந்திருக்கிறார். இதைப் பெரிய ஒற்றுமையாக்கி மார்தட்டவேண்டியதில்லை. கடைசி நிறமாகிய மஞ்சளுக்கு நம் திணைகளிலே இடமும் கிடையாது. எனினும் கடற்பகுதியை அவர்கள் ஆடிய மாலை நமக்கு நினைவிருக்கிறது. மின்சாரம் இல்லாமையால் வெப்பம் தாளாது மூவரும் மரைன் டிரைவுக்கு இறங்கி வந்து, கடற்புறத்துச் சுவரிலே அமர்ந்திருந்தனர். ஊர் முழுவதும் இருள். தண்டவாளத்துக்கு அப்பால் அலை கற்களிலே மோதிக்கொண்டிருந்தது. கடற்கரைப் புகையிரதம் ஒன்று நிறைந்த சனத்தோடு கடந்து போனது. பெண்ணின் மடியிலே மட்டும் நீல வெளிச்சம். நெய்தல் நிலத்துக்கு வேறு விளக்கவுரை வேண்டியதில்லை.

இந்த நாட்டைச் சிருஷ்டித்தவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். கொன்ராட் ரொசெட் என்னும் பார்சிலோனா ஓவியர் பெண் உருவங்களை மையாலும் நீர்வர்ணத்தாலும் வரைந்து பெயர் பெற்றவர். பெரிய விளையாட்டு நிறுவனங்களிலே வேலை பார்த்து அலுத்திருந்த ஏட்ரியன் குவேவாஸ், ரொஜர் மென்டோசா என்னும் இருவர் அவரோடு சேர்ந்தனர். மூவரும் அமைத்த நொமாடா ஸ்ரூடியோவின் முதற் படைப்பு இது. 2018 டிசம்பர் 13 ஆம் திகதி கணினிக்கும் நின்ரென்டோ ஸ்விட்ச் கருவிக்கும் வெளிவந்தது. 2019 ஆகஸ்ட்டில் ஐபோனுக்கும், 2020 இல் ஏனைய கைத்தொலைபேசிகளுக்கும் வந்தது. கைத்தொலைபேசியிலே ஆடுவோர்க்கு ஆகாய மார்க்கமாக இறக்கிக்கொள்வதே வழி. இசை பெர்லினிஸ்ட் என்னும் குழுவினருடையது. 2019 இல் அமெரிக்காவிலே நடந்த விளையாட்டு விருது விழாவில், சமூகத்துக்குப் பயன் தரும் ஆட்டம் என்னும் பிரிவிலே பரிசு பெற்றது.

எலிசபெத் கூப்ளர் ரொஸ் என்னும் மருத்துவ அம்மையார் 1969 இல் எழுதிய நூலொன்றிலே, மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என ஐந்து படிகளை வகுத்தார். ஆட்டத்திலே ஆங்காங்கு மறைந்திருக்கும் பெண் சிலைகளைக் கண்டடைந்தால் கிடைக்கும் பதக்கங்களுக்கு இந்த ஐந்து பெயர்களையே இட்டிருக்கிறார்கள். அம்மையார் அப்படிகளை முதலிலே வகுத்தது சாவை எதிர்நோக்கிய நோயாளிகளைக் கண்டே. பின்னரே அவை உற்றாரை இழந்தவர்களுக்கும் பொருத்தப்பட்டன. துயரம் படி வரிசையிலே ஏறிப்போவதில்லை என்று இன்றைய உளநூலார் பலர் சொல்லுகின்றனர். நம் கருத்தும் அதுவே. எட்டு, முப்பத்தொன்று, ஆட்டைத்திவசம் என்று நாட்கணக்கு வைத்த நம்மவர், அந்த நாளிலே மனம் எந்தப் படியில் நிற்கவேண்டும் என்று மட்டும் சொல்லாமல் விட்டது நல்லதாயிற்று. ஆட்டத்திலே இன்னொரு குறையும் உண்டு. எல்லா நினைவுப் பொருள்களையும் தேடிச் சேர்த்தால், பெண் யாரை இழந்தாள் என்பதை வெளிப்படையாகக் காட்டும் ஒரு மறைவுக் காட்சி கிடைக்கும். அதை நாம் பார்க்காமலே விட்டிருப்போம். யாரை இழந்தாள் என்று சொல்லாத வரையில் அவள் எல்லாருக்கும் உரியவளாக இருந்தாள்.

அம்மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றிலே பாட்டியும் பேத்தியும் கொட்டாஞ்சேனைக்குப் புறப்பட, நாமும் உடன் சென்றோம். செவ்வாய் கொச்சிக்கடை அந்தோனியாருக்கு உகந்த நாள். திருநீறு பூசிய பாட்டிமார் அந்தோனியார் கோயிலுக்குப் போவதைக் கண்டு வெளியூரார் வியக்கலாம். கொழும்பிலே அது பழைய வழக்கம். நெருக்கத்துக்கிடையே ஒருவாறு இடம் கிடைத்தது. பஸ் பம்பலப்பிட்டியைக் கடந்தது. ஒரு காலத்திலே யூனிற்றி பிளாசாக் கடைகளிலே இளைஞர் இறுவட்டு வாங்கிப் போய் ஆடிய காலம் நினைவுக்கு வந்தது. தும்முல்லையிலே திரும்பி, நகர மண்டபம், மருதானை, ஆமர் வீதி என்று ஊர்ந்தது. பேத்தி நட்சத்திரங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆட்டத்திலே ஆங்காங்கு சிறு ஒளிப்பொட்டுகள் கிடைக்கும்; அவற்றைக் கூட்டி வந்தால் பள்ளத்தின் மேல் நட்சத்திரக் கோலமாக விரிந்து பாலமாகும். பாதையில்லாத இடத்திலே புள்ளி வைத்துக் கோடிழுத்து நடப்பது! "கோலமல்லோ போடுறாள்" என்றார் பாட்டி. பக்கத்திலே நின்ற சிங்களப் பாடசாலைச் சிறுவன் ஒருவன் ஆமர் வீதியிலே இறங்கும் வரையில் அத்திரையிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

கொட்டாஞ்சேனை வெள்ளவத்தையைப் போலன்று. அதைவிடப் பழையது, இரைச்சலானது, துறைமுகத்தின் மூச்சுக்காற்று படுவது. லூசியா பேராலயத்தின் குவிமாடம் கூரைகளுக்கு மேலே தெரியும். ஜம்பட்டா வீதி, விவேகானந்த மேடு, 1902 இலே தோன்றிய விவேகானந்த சபை. இங்கே கோவிலும் பள்ளிவாசலும் விகாரையும் தேவாலயமும் ஒன்றன் கண்ணுக்கு ஒன்று எட்டும் தூரத்திலேயே இருக்கின்றன. அந்த நெருக்கம் எப்போதும் இனிமையாய் இருந்ததில்லை. 1883 ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று பௌத்தருக்கும் கத்தோலிக்கருக்குமிடையே மூண்ட கலவரம் கொட்டாஞ்சேனைக் கலவரம் என்றே சரித்திரத்தில் நிற்கிறது.

கொச்சிக்கடை ஆலயத்தின் தோற்றம் பற்றி ஒரு கர்ணபரம்பரைக் கதை உண்டு. ஒல்லாந்தர் காலத்திலே மறைந்து வாழ்ந்த அந்தோனி என்னும் குருவானவரிடம், கடல் தம் நிலத்தைத் தின்கிறதென்று மீனவர்கள் முறையிட்டார்களாம். அவர் கரையிலே சிலுவையை ஊன்றிச் செபிக்க, கடல் பின்வாங்கியதாம். கடலைத் தடுத்த அவ்விடத்திலே 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு காலைத் திருப்பலி வேளையிலே குண்டு வெடித்தது. அன்று நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் கொழும்பு ஹோட்டல்களிலும் வெடித்தவற்றோடு சேர்த்து 250 பேருக்கு மேல் மாண்டனர். கட்டுவாப்பிட்டியிலே இரத்தம் தெறித்த கிறிஸ்து சொரூபத்தைத் துடைக்காமல் கண்ணாடிப் பேழையிலே வைத்திருக்கிறார்கள். கொச்சிக்கடை ஆலயத்தைக் கடற்படையினர் விரைந்து திருத்த, திருவிழாவுக்கு முதல்நாளாகிய ஜூன் 12 ஆம் திகதி மறுபடியும் திறந்தார்கள். இரண்டு மாதமும் நிறையவில்லை. அவ்வளவு விரைவிலே சுவருக்கு வெள்ளை பூசலாம். மற்றதற்கு என்ன பூசுவது?

நாம் சென்ற அன்று சனம் நிறைந்திருந்தது. மெழுகுவர்த்திகளின் வெப்பம் முகத்திலே அடித்தது. எமக்கு முன்னே வரிசையில் நின்ற ஒரு தாய், சொரூபத்தின் கண்ணாடியிலே உள்ளங்கையை வைத்தவர் எடுக்கவேயில்லை. பின்னால் நின்ற எவரும் அவசரப்படுத்தவும் இல்லை. பாட்டி தம் முறை வந்ததும் மருமகனின் பெயரைச் சத்தமாகச் சொன்னார். பேத்தி கைத்தொலைபேசியைப் பைக்குள்ளே வைத்துவிட்டிருந்தார்.

அங்கிருந்து சில நிமிட நடையிலே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம். பொன்னம்பல முதலியார் அமைத்த கோவிலை அவருடைய மகனார் சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 இலே தொடங்கி முழுவதும் கருங்கல்லினால் மீளக் கட்டி, 1912 இலே குடமுழுக்குச் செய்வித்தார். கொழும்பிலுள்ள ஏனைய கோவில்களிலே நாம் காணும் பஞ்சவர்ணச் சுதை வேலை இங்கே இல்லை. தூண் கல், கூரை கல், தரை கல். உள்ளே காலடி வைத்ததும் வீதியின் இரைச்சல் அறுந்துபோகும். கண் இருட்டுக்குப் பழகச் சற்று நேரமாகும். பழகியபின் ஒரே சாம்பல் நிறத்துக்குள்ளே எத்தனை சாம்பல்கள் என்று வியப்போம்: விளக்கருகே பொன் கலந்த சாம்பல், தூணின் மறைவிலே நீலம் கலந்த சாம்பல், எண்ணெய் பட்டுப் பட்டு கறுத்த சாம்பல், கருவறை வாயிலிலே திருநீற்று வெண்சாம்பல்.

பேத்தி நெடுநேரம் தூணிலே சாய்ந்து நின்றார். பின்பு மெல்லிய குரலிலே, "கிரிஸ்ஸின்ரை முதல் இடம் மாதிரி இருக்கு. ஆனால் இஞ்சை பயமில்லை" என்றார். அந்த ஆட்டம் தொடங்கிய நாள் முதலாக அதைப் பற்றி அவர் வலியப் பேசியது அதுவே முதல் தடவை. மாலைப் பூசை தொடங்கியது. திருமுறை ஓதினார்கள். அவர் சேர்ந்து பாடவில்லை, உதடும் அசையவில்லை. கேட்டுக்கொண்டு நின்றார்.

மஞ்சள் நிறப் பகுதியை அவர் மறுநாள் இரவு ஆடினார். அப்பகுதியிலேதான் பெண்ணுக்குக் குரல் திரும்புகிறது. அவள் பாடினால் வாடிய பூக்கள் விரியும், உறங்கிய உயிர்கள் விழிக்கும், கதவுகள் திறக்கும். பாட்டையே திறவுகோலாக்கியிருக்கிறார்கள். அதன் பின்னரும் ஒரு பெரிய கரிய கட்டம் உண்டு. அதைச் சொல்லி, ஆடப்போகும் மாணவரின் சுவையைக் கெடுக்கமாட்டோம். நள்ளிரவு கடந்து முடிந்தது. தொலைபேசியில் மின்சாரம் நூற்றுக்கு ஏழு பங்கே மிஞ்சியிருந்தது. "எப்படி?" என்று கேட்டோம். "முடிஞ்சுது" என்றார். வேறொன்றும் சொல்லாமல் எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். தம்பூராவின் உறையை அவர் அவிழ்த்தார் என்று எழுதினால் கதை அழகாய் முடியும். நாம் அங்கிருந்த மட்டும் அவர் அவிழ்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவ்வீட்டுக்குச் சென்றபோது பாட்டி தனியே மண்டபத்திலே அமர்ந்திருந்தார். மூக்குக் கண்ணாடி மூக்கின் நுனியிலே. கையிலே பேத்தியின் தொலைபேசி. ஆட்டத்தைப் புதிதாகத் தொடங்கித் தரச்சொல்லி வாங்கிக்கொண்டாராம். திரையிலே அந்தச் சாம்பல் வெளி. பாட்டி விரலால் தொடுந்தோறும் பெண் முழங்காலிலே சரிந்தாள். மறுபடி தொட்டார், மறுபடி சரிந்தாள்.

"எழும்பு பிள்ளை" என்றார் பாட்டி, எம்மை நிமிர்ந்தும் பாராமல். "மெல்ல மெல்ல எழும்பு. நான் இருக்கிறன்."